தேய்ந்துபோன தொடக்கம்

நம்ம வயசுக்காரர்களுக்கு அந்தப் பாட்டின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சொன்னால் உடனே விரலால் மேஜையில் தாளம் போட ஆரம்பித்துவிடுவீர்கள். அப்புறம் நான் சொல்ல வந்தது காதில் ஏறாது. அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஊரெல்லாம் பரவிய இங்கிலீஷ் ராக் பாட்டு. முதலில் ஒரே ஒரு கிட்டார் மட்டும், பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே வாசித்துப் பார்ப்பதுபோல ஒலிக்கும். பிறகு சளி பிடித்த குரலில் ஒருவன் ஏதோ முணுமுணுப்பான். இவன் எப்போது வாயைத் திறந்து பாடப்போகிறான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே டிரம்ஸும் கிட்டாரும் கூரை இடிந்து விழுவதுபோல இறங்கும். முணுமுணுத்தவன் தொண்டை கிழியக் கத்துவான். இப்போது தெரிந்திருக்கும். ஹாஸ்டலிலோ டூர் பஸ்ஸிலோ நீங்களும் ஒருநாள் அவனோடு சேர்ந்து கத்தியிருப்பீர்கள்.

எனக்கு அது நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையிலேயே வந்துவிட்டது. கொண்டுவந்தவர் அத்தான், அதாவது என் தாய்மாமாவின் மகன். மாமா வீடு மாநில எல்லையிலுள்ள பனச்சமூட்டில், கடைத்தெருவைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம். எங்கள் வீடு கேரளப் பக்கம், கொல்லயிலில். அத்தான் நாகர்கோவிலில் இஞ்சினீயரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கோ சனிக்கிழமையோ ஊருக்கு வந்தால் மாமாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வளைகுடாவில் இருந்த சித்தப்பா கொடுத்த டேப் ரிக்கார்டர் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அவர் வருவது அதற்காகத்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

"ஒரு காலிக் கேசட் தா, ஒரு பாட்டு பிடிச்சுத் தாறேன்" என்று அக்காவிடம் கேட்டிருந்தார். அக்கா அப்போது நெய்யாற்றின்கரையில் டிகிரி முதல் வருஷம். அவள் அலமாரியில் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அது காலிக் கேசட் அல்ல, அம்மாவின் முருகன் பாட்டுக் கேசட். அத்தான் அதன் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார். பக்கத்தின் கடைசியில் மட்டும் கொஞ்சம் இடம் தப்பியிருந்தது. வெள்ளைக்காரன் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது டப்பென்று அறுபடும். ஒரு நொடி கழித்து நாதசுரமும் தவிலுமாக முருகன் பாதி வரியில் புறப்பட்டு வருவார்.

அம்மா சமையலறையிலிருந்து இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். கையில் கரண்டி.

"எனக்க முருகனை அழிச்சிட்டுல்லா இந்தக் கூச்சலைப் பிடிச்சு வச்சிருக்கான்."

"அந்தப் பக்கம் முருகன் அப்படியே உண்டு அத்தை" என்றார் அத்தான்.

"பாதி முருகனை வச்சு நான் என்ன செய்ய?" என்று கேட்டாள் அம்மா. ஆனாலும் முற்றத்துப் பலாவில் பழுத்த சக்கைப்பழத்தை அவருக்கு அறுத்துக் கொடுத்தாள். அம்மாவுக்கு அண்ணன் மகன் என்றால் உயிர்.

அந்த முதல் நாள் கேட்டது எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. கீழ்வீட்டுத் தோப்பில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். டேப் ரிக்கார்டர் சூடானால் ஒரு பிளாஸ்டிக் வாடை வரும். அந்த வாடையோடு சக்கைப்பழ வாடையும் சேர்ந்திருந்தது. பாட்டு இடிந்து விழுந்த இடத்தில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பட்டனை அமுக்கி, கேசட்டைப் பின்னால் ஓட்டி, மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

"கேட்டியா? வாசிக்கதுக்கு முந்தி கம்பியில அவனுக்க விரல் இழுபடுது. கீச்சுன்னு."

எனக்கு அது கேட்டிருக்கவே இல்லை. அவள் சொன்ன பிறகுதான் கேட்டது. ஒருத்தன் உட்கார்ந்து, கையை நகர்த்தி, வாசிக்கத் தயாராகும் சத்தம். அதற்குப் பிறகு அது இல்லாமல் அந்தப் பாட்டை என்னால் கேட்க முடியவில்லை.

வார்த்தை எங்களுக்குப் புரியவில்லை. அத்தானுக்கும் புரியவில்லை என்பதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நாங்களே ஒன்றை வைத்துக்கொண்டோம். அவன் கத்தும் இடம் எங்கள் காதில் "போ மாமி, போ, மழ வருந்நு" என்று விழுந்தது. பாதி தமிழ், பாதி மலையாளம். கிணற்றடியில் தண்ணீர் கோரும்போது நானும் அக்காவும் அதைக் கத்துவோம். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வேலிக்கு மேல் எட்டிப்பார்த்து, "என்னையா பிள்ளைகளே சொல்லுதிய?" என்று கேட்டாள். அக்கா வாளியைக் கிணற்றில் விட்டுவிட்டுச் சிரித்தாள்.

இத்தனை வருஷம் அந்தப் பாட்டு ஏன் நிற்கிறது என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. அது வந்த காலத்தில் வேறு எத்தனையோ பாட்டுகள் வந்தன, போயின. இதில் அவன் யாரையும் காதலிக்கவில்லை, யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. தன்னையே திட்டிக்கொள்கிறான் என்பது மட்டும், ஒரு வார்த்தை தெரியாத எங்களுக்கே புரிந்தது. நல்ல பிள்ளையாக அடங்கி முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒருத்தன் அதற்கு மேல் தாங்க மாட்டாமல் கத்திவிடுகிறான். பதினெட்டு வயசில் ஒரு கட்டுப்பெட்டியான வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு அது போதும்.

ஜூன் பிறந்து இடவப்பாதி மழை தொடங்கியபோது அக்கா சத்தத்தைக் கூட்டி வைக்க ஆரம்பித்தாள். ஓட்டுக்கூரையில் மழை விழுந்தால் நமக்கும் கூட்டத்தான் தோன்றும். ஆனால் மழை விட்ட பிறகும் அவள் குறைக்கவில்லை. அம்மா கூப்பிட்டால் வரமாட்டாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தால், "கூப்பிட்டா என்ன, வாறேன்லா" என்பாள். அப்பாவுக்குக் கனத்த குரல்; அவர் கூப்பிட்டால் மட்டும் உடனே எழுந்து வருவாள். இதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"எனக்க சத்தம்னா அவளுக்குக் காத்துல போவும். நீங்க கூப்பிட்டா மட்டும் ஓடி வாறா. பயம் உண்டு, மரியாதைதான் இல்ல" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா திருவனந்தபுரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். காலைப் பாசஞ்சரில் பாறசாலையில் ஏறினால் மாலையில் திரும்பி வருவார். பிள்ளைகளை அடிக்கிறவர் அல்ல. எதையும் யோசித்துத்தான் சொல்வார். சொன்னால் அது முடிவு. "பாட்டு கேக்கியதுல தப்பில்ல. ஒரே பாட்டைக் கேக்கியதுதான் தப்பு. தலைக்குள்ள என்னமோ நடக்குது" என்றார். கல்லூரியில் அவளுக்கு மார்க் குறைந்தது. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து சும்மா நிற்கிறாள் என்று ஒரு டீச்சர் சொல்லியனுப்பினார். எல்லாம் அந்தக் கேசட்டில் போய் முடிந்தது.

அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். கேசட்டைக் கொடுத்தவன் யார்? ஒரு பெண் ஒரே பாட்டை இப்படிக் கேட்கிறாள், பேசினால் கவனமில்லை, பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? உயிராக இருந்த அண்ணன் மகன் அம்மாவுக்கு ஒரே வாரத்தில் வேறு ஆளாகிவிட்டான். பனச்சமூட்டுக்கு பஸ் ஏறிப்போய் மாமியிடம் நயமாகச் சொல்லிவிட்டு வந்தாள்: "படிக்க புள்ளையாக்கும். கொஞ்ச நாளைக்கு அவனை அங்க அனுப்பாண்டாம்." அதன்பிறகு அந்த சைக்கிள் எங்கள் முற்றத்துக்கு வரவில்லை. அக்கா சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் முன்வாசல் படியில் உட்கார்ந்திருப்பாள்.

ஓணம் கழிந்ததும் காஞ்சிரங்குளத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், பையன் வங்கியில் வேலை. அவனுடைய அம்மா சின்ன உருவம், சின்னக் குரல், பட்டுப்புடவையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே பேசுவாள். அக்கா நேந்திரங்காய் வறுவல் தட்டை நீட்டியபோது அந்த அம்மா தலையைக் குனிந்தபடி, "மக்கா, படிப்பு முடிச்சிட்டு வேலைக்குப் போவணும்னு உண்டா?" என்று கேட்டாள். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா மறுபடியும் கேட்டாள். அக்கா லேசாகச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் தட்டைக் கொண்டுபோனாள். மூன்றாவது முறை யாரும் கேட்கவில்லை.

தரகர் வந்து சொன்னது இதுதான்: "புள்ளைக்கு இதுல இஷ்டமில்ல போல. பெரியவங்க ஒண்ணு கேட்டா ஒரு பதில் சொல்லாண்டாமா?"

அப்பா அன்றைக்கும் சத்தம் போடவில்லை. டேப் ரிக்கார்டரின் கரண்ட் வயரை உருவினார். சுருட்டி, சோற்றுப் பாத்திரம் வைக்கிற பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து அந்த வயர் தினமும் அப்பாவோடு பாசஞ்சரில் திருவனந்தபுரம் போய் வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது எங்களுக்கு வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது.

துலாமாதத்தில், அதாவது ஐப்பசியில், ஒரு நாள் மத்தியானம். அம்மா ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். நானும் அக்காவும் ஜங்ஷனில் போய்ப் பெரிய பேட்டரிக்கட்டைகள் வாங்கி வந்தோம். டேப் ரிக்கார்டரைக் கவிழ்த்துப் பின்மூடியைத் திறந்து அடுக்கினோம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று நான் சத்தத்தை நடுவில் வைத்தேன். பட்டனை அமுக்கினேன்.

விரல் இழுபடும் சத்தம் வந்தது. கிட்டார் வந்தது. எவ்வளவு நாள் கழித்து! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் புருவத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"கட்டையைத் தலைகீழா போட்டுட்டியா மக்கா? ஓடல்லியே."

"ஓடுதுக்கா."

அவள் குனிந்து கேசட் மூடியின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்த மனிதன் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தான். என் உதடுகள் அவனோடு அசைந்துகொண்டிருந்திருக்க வேண்டும். அக்கா என் உதடுகளைத்தான் பார்த்தாள். பிறகு பாட்டு இடிந்து விழுந்தது. அவள் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது.

பட்டனை அமுக்கி நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி போட்டு, காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்துக்கொண்டாள். அப்படியே இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

"தொடக்கம் இருக்கா?" என்று கேட்டாள்.

"உண்டு."

"விரல் இழுபடுதது?"

"அதுவும் உண்டுக்கா."

அவள் டேப் ரிக்கார்டரை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "டேப்பு தேஞ்சு போச்சுன்னுல்லா நெனச்சேன்" என்றாள். "நெறைய ஓட்டிட்டோம், தொடக்கம் தேஞ்சுபோச்சுன்னு." பிறகு இன்னொன்றும் சொன்னாள். "நீங்க எல்லாரும் கோவத்துல எனக்கிட்ட சத்தத்தைக் கொறச்சு பைய பேசுதியன்னு நெனச்சேன் மக்கா."

அம்மா கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது அக்காவே போய்ச் சொன்னாள். அம்மா முதலில் நம்பவில்லை. பேட்டரி வாங்கியதை மறைக்கச் செய்கிற நாடகம் என்று நினைத்தாளோ என்னவோ. "அந்தால திரும்பி நில்லு" என்றாள். அக்கா பின்கட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு தோப்பைப் பார்த்து நின்றாள்.

அம்மா சமையலறை வாசலில் நின்று, "மக்கா" என்றாள். அக்கா அசையவில்லை. அம்மிக்கல் வரை வந்து, "மக்கா" என்றாள். எங்கோ மரத்தில் ஒரு காக்கை கத்தியது. அம்மா இன்னும் நெருங்கினாள். கல்யாணப் புடவை சரசரத்தது. அந்தச் சத்தம்கூட எனக்குக் கேட்டது. "எனக்க மக்கா" என்று அவளுடைய முதுகுக்குப் பின்னாலேயே நின்று சொன்னாள். அக்கா தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னும் கூப்பிடல்லியா அம்மா?" என்று கேட்டாள்.

அம்மா அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் கால்கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். சோற்றுப் பையைத் திறந்தார். வயரை எடுத்தார். மடிப்பு மடிப்பாக அது வளைந்துபோயிருந்தது. மீன்குழம்பு வாடை அடித்தது. அக்காவிடம் நீட்டி, "வச்சுக்கோ" என்றார். தாழ்ந்த குரலில்தான் சொல்ல வந்தது அவருக்கு. உடனே நினைவு வந்து, அவள் முகத்தைப் பார்த்து, உரக்க இன்னொரு முறை சொன்னார். தன் மகளிடம் வலிய உரக்கப் பேசியது அப்பாவுக்கு அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்.

திருவனந்தபுரத்தில் டாக்டர், "இது ஞரம்பின்றெயாணு. குறெச்சு குறெச்சாயிட்டு போகும்" என்றார். நரம்புக் கோளாறு, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், நிறுத்த வழியில்லை என்று பொருள். மெல்லிய சத்தமெல்லாம் முதலில் போகும். கனத்த சத்தம் கடைசியில் போகும். பெண்கள், குழந்தைகள் குரல்தான் முதலில் மங்கும் என்றும் சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அதன்பிறகு வீட்டில் அந்தப் பாட்டுக்குத் தடை இல்லை. அப்பாவே சில நாள் போடச் சொல்வார். அம்மா சமைத்துக்கொண்டே முருகன் வரும் இடம்வரை பொறுத்திருப்பாள். ஆனால் முன்பிருந்த சந்தோஷம் அதில் இல்லை. வீட்டில் எல்லோரும் பாட்டைக் கேட்காமல் அக்காவின் முகத்தைக் கவனித்தால் எப்படி இருக்கும்? ஒருநாள் அவளே, "போதும், வேற பாட்டு வல்லதும் போடுங்க" என்றாள்.

அம்மா பனச்சமூட்டுக்கு மறுபடி பஸ் ஏறிப் போனாள். இந்த முறை அத்தானைக் கூப்பிட. படிப்பு முடித்த கையோடு பூனாவில் வேலை கிடைத்து அவர் அந்த மாதம்தான் போயிருந்தார். "அங்க போகாண்டாம்னு சொன்னப்ப பய ஒண்ணும் சொல்லல்ல. சாப்பாடுதான் இறங்கல்ல" என்று மாமி சொன்னாளாம். சில வருஷம் கழித்து அவர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். அம்மாவின் சந்தேகத்தில் ஏதாவது இருந்ததா என்று ரொம்ப நாள் கழித்து அக்காவிடம் கேட்டேன்.

"தெரியாது மக்கா. நெனச்சுப் பாக்கதுக்குள்ள நிறுத்திப்போட்டாங்கல்லா."

அக்கா உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டாள். டிகிரியை முடித்தாள். பரீட்சை எழுதி அரசு வேலைக்குப் போனாள். அவளோடு வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு நெய்யாற்றின்கரையில் இருக்கிறாள். ஒரு மகன். அவன் பேசக் கற்றுக்கொண்டபோது அவளுக்குக் காதுக் கருவியோடுதான் கொஞ்சம் கேட்டது. இப்போது கருவியாலும் பிரயோஜனமில்லை. அந்தக் கேசட் எந்த வீடு மாறியபோது போனதோ, தெரியவில்லை.

பாட்டு மட்டும் போகவில்லை. துணிக்கடையில் வருகிறது. என் மகளின் காலேஜ் விழாவில் இருபது வயசுப் பையன்கள் தாங்களே எழுதியதுபோல அதைப் பாடுகிறார்கள். மகள் ஒருநாள் போனில் வார்த்தைகளை எடுத்துக் காட்டினாள். படித்துப் பார்த்தேன். நாங்கள் நினைத்தது பெரிய தப்பில்லை. அவன் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். மழையும் மாமியும் அதில் இல்லாதது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பின்வாசலில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பாட்டைப் பற்றிச் சொன்னேன், இன்னும் எங்கு போனாலும் அதுதான் என்று. அவள் உதட்டைப் படித்துவிட்டுத் தலையசைத்தாள்.

"ஒனக்கு ஞாபகம் உண்டா, இல்ல மறந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"பாட்டா? முழுசும் உண்டு. நெனச்சா ஓடும்." கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "பாட்டு மட்டுமில்ல. நீ பேசும்போ இப்பளும் எனக்குச் சத்தம் கேக்கும்."

எனக்குப் புரியவில்லை.

"ஒனக்க வாய் அசையதைப் பாத்தா எனக்க தலைக்குள்ள ஒரு சத்தம் வரும். ஒனக்க பழைய சத்தமாக்கும். எட்டாங்கிளாஸ் புள்ளைக்க சத்தம். அதுக்குப் பொறவு கேட்டதெல்லாம் மெஷினுக்க சத்தம், ஒனக்கது எனக்குத் தெரியாதுல்லா."

என் தலை பாதி நரைத்துவிட்டது. குரல் எப்போதோ தடித்துவிட்டது. போனில் என்னை ஆண் என்று நினைத்து சார் என்கிறார்கள். எனக்கே மறந்துபோன அந்தக் குரலை இத்தனை வருஷம் அவள் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏன் நிறுத்திட்ட? பேசு" என்றாள்.

அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு வாழைப்பூ மடலை எடுத்து உரித்துக்கொண்டே பேசினேன். பஸ்ஸில் வந்த கூட்டத்தைப் பற்றி, என் மூட்டுவலியைப் பற்றி, மகளுக்கு வந்திருக்கிற வரனைப் பற்றி. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போன பிறகும் பேசினேன். அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.